மகளுக்கு அளந்த தூரம்

என் அத்தை 1966இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் ரைஸ்மில் இருந்தது, நஞ்சை இருந்தது. அவருடைய அண்ணன், அதாவது என் அப்பா, காலை ரயிலில் பட்டணத்துக் கல்லூரிக்குப் போய் இரவு திரும்பிக்கொண்டிருந்தார். அத்தை கேட்டபோது தாத்தா சொன்ன பதில்: "அவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்புறது?" அதே ரயில், அதே தூரம். சென்ட்ரலுக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

பணம் இருந்தால் பெண்கள் படித்துவிடுவார்கள் என்று எண்ணுகிறோம். வசதியான குடும்பங்கள் மகளை எங்கே அனுப்பின என்பதை ஊர்வாரியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பாளையங்கோட்டையில் மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே சாராள் தக்கர் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். மதுரையில் 1948இல் கேட்டி வில்காக்ஸ் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். கோவையில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி. 1963இல் ஆலை முதலாளிக் குடும்பம் ஒன்று நடத்திய பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள் கல்லூரி. அங்கே பணக்கார வீட்டுப் பெண் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. கல்லூரியே ஊருக்குள் வந்தது. என்ன படிப்பது என்பதையும் குடும்பத்தின் கண் முடிவு செய்தது. மனையியல் மரியாதையான படிப்பானது அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கட்டவில்லை. சென்னைதான் பக்கத்தில் இருக்கிறதே! ராணி மேரி 1914இலேயே வந்துவிட்டது, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915இல், ஸ்டெல்லா மாரிஸ் 1947இல், எத்திராஜ் 1948இல். எங்கள் ரயில் போய்ச் சேரும் வடசென்னையிலேயே 1964இல் பாரதி மகளிர் கல்லூரி திறந்தாயிற்று. நகரத்தின் அருகாமை மகன்களுக்கு வசதி. மகள்களுக்கு அதுவே காரணம் சொல்லும் வாய்ப்பு.

அத்தைக்கு ஒவ்வொன்றாகக் கதவு சாத்தப்பட்டது. விடுதி என்றால் ஊர் என்ன சொல்லும். கன்னியாஸ்திரீகள் கல்லூரி என்றால் மதம். அரசுக் கல்லூரி என்றால் "யார் யாரோடோ உட்காரணும்." அந்த 'யார் யாரோ' என்ற சொல்லுக்குள் சாதி இருந்தது என்று பல வருடம் கழித்து அத்தையே எனக்குச் சொன்னார். எங்கள் களத்தில் நெல் தூற்றிய பெண்ணின் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதற்காக, சொந்த மகளையே பெஞ்சில் உட்கார விடவில்லை. சொத்து அவருக்கு வழி திறக்கவில்லை, வேலி போட்டது.

1984க்குப் பின் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. எங்கள் நெடுஞ்சாலை ஓரத்திலும் வந்தன. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நிலம் விற்றுப் பணம் பார்த்த குடும்பங்கள் இப்போது மகளைத் தயங்காமல் படிக்க வைக்கின்றன. என் உறவில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்: "பஸ் வாசலுக்கே வருது." அவள் அண்ணனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கினார்கள். மறுப்பு போய்விட்டது, அளவுகோல் போகவில்லை.

காலை ஏழு மணி மின்சார ரயிலில் நான் ஏறும்போது பெண்கள் பெட்டியில் கல்லூரி மாணவிகள் நிறைந்திருக்கிறார்கள். பலர் கம்பெனிக் கூலிகளின், விவசாயக் கூலிகளின் மகள்கள். நின்றுகொண்டே பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அத்தைக்கு எழுபத்தாறு வயது. போன மாதம் அவரை அதே ரயிலில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இறங்கும்போது கேட்டார்: "இவ்வளவுதானா தூரம்?"