கரிகாலன் விருந்தும் கறியின் மென்மையும்

கரிகாற்சோழனிடம் விருந்துண்ட பொருநன் ஒருவனின் கதையைப் பொருநராற்றுப்படை கூறுகிறது. இரவும் பகலும் இறைச்சி தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போல அவன் பற்கள் மழுங்கிவிட்டனவாம். அங்கே படைத்தவை, வேகவைத்த பருத்த செம்மறித் தொடையும், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியும். புலவர் முடத்தாமக்கண்ணியார் புகழ்வது மன்னனின் வள்ளன்மையை. இயற்பியல் படித்தவனுக்கோ அந்தக் கறி சற்றுக் கடினமாக இருந்திருக்குமோ என்ற ஐயமும் எழுகிறது!

கறி ஏன் கடினமாகிறது? முதற் காரணம், தசைநார்களைக் கயிறு போலக் கட்டி வைத்திருக்கும் கொல்லாஜன் என்னும் புரதம். ஆட்டுக்கு வயது ஏற ஏற இக்கயிற்றின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் கிடை போட இராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தைகளை ஓட்டி வருவார்கள். அப்படிப் பல ஆண்டுகள் நடந்து முற்றிய ஆட்டின் தொடையும் இளங்குட்டியின் தொடையும் ஒரே நேரத்தில் வேகாததற்கு இதுவே காரணம்.

ஈரச்சூட்டில் கொல்லாஜன் ஜெலட்டினாக இளகும். 70 டிகிரி செ. அளவில் இது மிக மெதுவாக நடக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும். ஆனால் திறந்த பானையில் நீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. விறகை எவ்வளவு தள்ளினாலும் ஆவிதான் மிகுதியாகும். இந்தத் தடையை உடைத்தவர் பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின். 1679இல் இலண்டனில் இறுக மூடிய கலம் ஒன்றை அவர் செய்து காட்டினார். 1682இல் அதில் சமைத்த விருந்தை உண்ட ஜான் ஈவ்லின், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி போல மிருதுவாகியிருந்ததையும், அதற்கு எட்டு அவுன்சுக்கும் குறைந்த நிலக்கரியே செலவானதையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1950களின் இறுதியில் இந்தியாவில் தயாராகத் தொடங்கிய பிரஷர் குக்கர் அதன் வழித்தோன்றலே. அதற்குள் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது.

குக்கருக்கும் எளிதில் மசியாத கடினம் ஒன்று உண்டு. அறுத்த பிறகும் சில மணி நேரம் தசையில் சக்தி எஞ்சியிருக்கும். அது தீருமுன் கடுங்குளிர் பட்டால் தசை சுருங்கி இறுகிவிடும். நியூசிலாந்தில் லாக்கர், ஹேக்யார்டு என்ற இருவர் 1963இல் இதை மாட்டுத் தசையில் அளந்து காட்டினர். 14 முதல் 19 டிகிரி வரை சுருக்கம் மிகக் குறைவு. 0 டிகிரிக்கு அருகிலோ தசை ஏறக்குறைய பாதியாகக் குறுகியது. பிற்பாடு அந்நாட்டார் அறுத்தவுடன் உடலில் மின்சாரம் பாய்ச்சி, தசையைத் துடிக்கவிட்டு, அந்தச் சக்தியை விரைவில் தீர்த்துவிடும் முறையைக் கையாண்டனர். மின்சாரத்தால் கொன்ற வான்கோழியின் கறி மிருதுவாயிருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் கவனித்திருந்தார் என்பது ஒரு வேடிக்கை.

வெள்ளாட்டுக்குத் தோலடிக் கொழுப்பு சொற்பம். போர்வையற்ற உடல் போல அதன் தசை விரைவில் குளிர்ந்துவிடும். ஞாயிறு காலை அறுத்து, உடனே துண்டுபோட்டு வாங்கிய கறியை அப்படியே பிரீசரில் திணித்தால் என்ன ஆகும்? சக்தி தீராத தசை அப்படியே உறைந்து, வெளியே எடுத்து உருகவைக்கும்போது சுருங்கிச் சாற்றையும் கக்கிவிடும். அன்றே சமைப்பதே மேல். முடியாவிட்டால் பிரீசரில் வைக்காமல், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம். முதலில் சற்று இறுகினாலும், தசையிலுள்ள நொதிகள் பிறகு நார்களை ஓரளவு தளர்த்திக் கொடுக்கும்.