வெந்நீர் உள் முதல் இன்ஸ்டன்ட் கீசர் வரை

மார்கழி நெருங்கும்போது நம் குடியிருப்பில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "டேங்க் இல்லாத கீசர் வாங்கலாமா?" கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர்கள், அங்கே சுவரில் மாட்டிய சிறு பெட்டியிலிருந்து எத்தனை பேர் குளித்தாலும் தீராமல் வெந்நீர் வருவதைப் பார்த்திருப்பார்கள். அதையே இங்கும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. இதற்குப் பதில் காண, வெந்நீர் நம் வீட்டுக்குள் வந்த வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது. இன்று குளியலறையில் நாம் செய்யும் தவறுகளில் ஒன்றுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

தவலையும் பாய்லரும்

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி போல நீளும். அவற்றின் பின்கட்டில் 'வெந்நீர் உள்' என்று ஓர் இடம் இருக்கும். பதித்த அடுப்பின் மேல் பெரிய தவலையோ அண்டாவோ உட்கார்ந்திருக்கும். எரிப்பதற்குத் தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி, வரட்டி. தண்ணீர் கொல்லைக் கிணற்றிலிருந்து வரும். புகை ஓட்டு இடுக்கு வழியாகவும் திறந்த கொல்லைக் கதவு வழியாகவும் போய்விடும்.

அந்த ஏற்பாட்டில் வேலை அதிகம். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் அதில் எதுவும் மறைவாக இல்லை. தினமும் சாம்பலை அள்ளினார்கள். தவலையைப் புளி போட்டுத் தேய்த்தபோது அடியில் படிந்திருந்த வெள்ளைப் படிவைக் கண்ணால் பார்த்தார்கள், சுரண்டி எடுத்தார்கள். பராமரிப்பு என்று தனியாக ஒன்று இல்லை. அன்றாட வேலையிலேயே அது அடங்கிவிட்டது.

அடுத்து வந்தது செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். மேலேயுள்ள புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே இருக்கும் வெந்நீரை வெளியே தள்ளும். நாம் இன்று வைத்திருக்கும் 15 லிட்டர், 25 லிட்டர் கீசர்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன: குளிர்ந்த நீர் கீழே நுழையும், சூடான நீர் மேலிருந்து வெளியேறும்.

ஓடும் நீரைச் சூடாக்குதல்

தேக்கிவைத்துச் சூடாக்குவது ஒரு வழி. ஓடவிட்டுக்கொண்டே சூடாக்குவது இன்னொரு வழி. இரண்டாவதும் புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செனெகா, மெல்லிய வெண்கலக் குழாயைச் சுருளாக வளைத்து நெருப்பைச் சுற்றி ஓடவிட்டு, குளிர்ந்து நுழையும் நீரைச் சூடாக வெளியே வரச் செய்யும் சாதனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டுக் கிரேக்கக் கடல் வணிகக் குறிப்பான 'பெரிப்ளூஸ்' சொல்லும் மெல்லிய துணியை, நம் உறையூர்த் துணி என்றே ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். உறையூர் மஸ்லின் மேலை நாட்டுக்குக் கப்பலேறிய காலத்திலேயே டேங்க் இல்லாத வெந்நீர் இருந்திருக்கிறது.

நவீன காலத்தில் இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பெஞ்சமின் வாடி மாகன். லண்டனில் வண்ணப்பூச்சுத் தொழில் செய்தவர். 1868-ல் எரிவாயுவால் உடனடியாக நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தில் பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றான 'கெய்ஸிர்' பெயரை ஒட்டி அதற்கு 'கீசர்' என்று பெயர் வைத்தார். இங்கிலாந்து மறந்துவரும் அந்தச் சொல்லை நாம் இன்னும் விடவில்லை.

மாகனின் கருவியில் ஒரு பெரிய குறை இருந்தது: புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு முழுவதும் குளியலறைக்குள்ளேயே தங்கியது. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். 1895-ல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் ஹூகோ யுங்கர்ஸ் தொடங்கிய நிறுவனம் எரிவாயுக் குளியல் ஹீட்டர்களுக்குப் பேர்பெற்றது. 1915-ல் முழுக்க உலோகத்தாலான விமானத்தைப் பறக்கவிட்டவரும் இதே யுங்கர்ஸ்தான்.

குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு என்ற இந்த அமைப்பு திருச்சிக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. 1965 முதல் திருவெறும்பூர் பெல் ஆலையில் உருவாகும் உயர் அழுத்த பாய்லர்களின் அடிப்படையும் அதுவே. அங்கே நீராவி டர்பைனைச் சுழற்றப் போகிறது; இங்கே வெந்நீர் வாளிக்கு வருகிறது.

காவிரி கம்பி வழியாக வந்தபோது

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அணையடி மின்நிலையம் 1937-ல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் திருச்சி, தஞ்சைப் பகுதிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 1924-ல், தியடோர் ஸ்டீபெல் பெர்லினில் மின்சார இம்மர்ஷன் ஹீட்டரைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார். நம் வீடுகளில் அதன் வாரிசுதான் வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு. விலை மலிவு, வேகமும் உண்டு. ஆனால் ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து ஷாக் வாங்கியவர்கள் பலர்.

பிறகு சுவர் கீசர் வந்தது. நெருப்பு கண்ணிலிருந்து மறைந்தது. அதோடு சாம்பல் அள்ளும் வேலையும், தேய்க்கும் வேலையும், 'உள்ளே என்ன நடக்கிறது' என்ற கவனமும் சேர்ந்தே போய்விட்டன.

கனடா கணக்கு, திருச்சி கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். குளிர் நாட்டில் பனிக்காலத்துக் குழாய்த் தண்ணீர் சுமார் 5 டிகிரியில் இருக்கும். அதை 40 டிகிரிக்கு உயர்த்தி நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுக்க 24 கிலோவாட் வேண்டும். அதனால்தான் அங்கே பெரிய எரிவாயு இணைப்போ, தனியாக இழுத்த கனத்த மின்கம்பிகளோ தேவைப்படுகின்றன. தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அங்கே பெரிய வேலை.

நம் ஊரில் மார்கழியிலும் தொட்டித் தண்ணீர் சுமார் 25 டிகிரி. 15 டிகிரி ஏற்றினால் போதும். கடைகளில் விற்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் கொடுக்கும். 15 லிட்டர் வாளி ஐந்து நிமிடத்தில் நிறையும். செலவு கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஆக, வாளியில் மொண்டு குளிப்பவர்களுக்கு இது போதும். ஷவரில் நின்று குளிப்பவர்களுக்குப் போதாது. ஒன்று கவனியுங்கள்: இங்கே 'இன்ஸ்டன்ட்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் 1 அல்லது 3 லிட்டர் கலம் இருக்கிறது. அளவு சிறியது என்பதால் பராமரிப்பு தேவையில்லை என்று ஆகிவிடாது.

நம் எதிரி சுண்ணாம்பு

பல அடுக்ககங்களில் குடிக்கக் காவிரி, குளிக்க போர்வெல் என்ற நிலைதான். போர்வெல் நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு ஏறியதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடேற்றும் சுருளின் மேல் ஓடாகப் படிகிறது. தவலையில் பாட்டி சுரண்டியதும் இதைத்தான். ஓடு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் சுருளிலேயே தங்கி அதை எரித்துவிடும். இன்ஸ்டன்ட் கீசரில் இடம் குறுகல் என்பதால் அடைப்பும் சீக்கிரம் வரும். போர்வெல் நீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

மாகனின் பழைய தவறு

இனி மிக முக்கியமான விஷயம். சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர், மின்சாரக் கீசரைவிட மூன்று மடங்குக்கும் மேல் சூடு தரும். ஆனால் அதைக் கதவும் ஜன்னலும் மூடிய சிறு குளியலறைக்குள் மாட்டுவது, 1868-ன் குறையைத் திரும்பக் கொண்டுவருவதாகும். அறையில் ஆக்சிஜன் குறையும்போது எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். குளிப்பவருக்குத் தலைவலி, மயக்கம், பிறகு நினைவிழப்பு. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் நடப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. நாட்டின் பல நகரங்களில் உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. பழைய வெந்நீர் உள்ளின் கொல்லைக் கதவு திறந்தே கிடந்ததன் அருமை இதில் தெரியும்.

மார்கழிக்கு முன் பார்க்க வேண்டியவை

• கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் இந்த மாதமே காற்றோட்டமுள்ள பால்கனிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்று இருக்க வேண்டாம். மூடிய அறையில் அது எரிந்த வாயுவை உள்ளேயே இழுக்கவும் கூடும்.

• 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தனி ஒயர், எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி நான்கும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சரிபாருங்கள். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது.

• கீசரின் சேஃப்டி வால்வை அடைத்து வைக்காதீர்கள். டேங்க் உள்ள கீசரில் மெக்னீசியம் ராடு கரைந்துவிட்டதா என்று சர்வீஸின்போது கேட்டுப் பாருங்கள்.

• குளிக்கப் போனவர் வழக்கத்தைவிட நேரமானால் கதவைத் தட்டுங்கள். மயங்கிக் கிடந்தால் கேஸை மூடி, கதவைத் திறந்து, அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களும் தங்கள் வீட்டில் எந்த வகைக் கீசர், எங்கே மாட்டியிருக்கிறது என்பதைக் குடியிருப்பவரிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். மாட்டியவர் ஒருவர், குளிப்பவர் வேறொருவர் என்று இருக்கும் வீடுகளில்தான் இதை யாரும் பார்க்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம்.