திரையில் சுழன்ற முன்பனிக்காலம்: பிரித்தானியத் தொலைக்காட்சியின் கிறிஸ்துமஸ் சின்னங்கள்

நூலுக்கு முன் நிற்பது பாயிரம். தொலைக்காட்சிக்கும் அத்தகைய பாயிரம் ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் முன் சில நொடிகள் திரையில் தோன்றும் அலைவரிசைச் சின்னமே அது. சின்னம் அமைதியாக அசைந்துகொண்டிருக்க, அடுத்து வருவது இன்னது என்று அறிவிப்பாளரின் குரல் சொல்லும். பிரித்தானியாவில் டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் இச்சின்னங்கள் விழாக்கோலம் பூணுவது வழக்கமாயிற்று. 1970களிலும் 1980களிலும் அந்நாட்டில் சிறுவராய் இருந்தோர் பலர் அந்நாளைய நிகழ்ச்சிகளை நினைப்பது போலவே, அவற்றின் முன் தோன்றிய சின்னங்களையும் ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். சில நொடிகளே நின்ற ஒரு படத்தின் மீது அரை நூற்றாண்டு நீளும் பற்று எங்ஙனம் தோன்றியது என்பது ஆராயத்தக்கது.

மூன்று அலைவரிசைகள், ஒரு நாள்

பி.பி.சி. நிறுவனம் 1936 நவம்பர் 2ஆம் நாள் லண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. 1939இல் போரின் பொருட்டு நிறுத்தப்பட்ட அச்சேவை 1946 சூன் மாதத்தில் மீண்டும் உயிர்பெற்றது. விளம்பர வருவாயில் இயங்கும் ஐ.டி.வி. 1955இலும், பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை 1964இலும் தோன்றின. அதன்பின் 1982 நவம்பரில் நான்காம் அலைவரிசை வரும் வரை, பதினெட்டு ஆண்டுகள் பிரித்தானிய மக்களுக்கு இருந்தவை மூன்றே அலைவரிசைகள்.

இச்சூழலில் டிசம்பர் 25 தனித்தன்மை வாய்ந்த நாளாயிற்று. அன்று கடைகள் அடைத்திருக்கும்; போக்குவரத்தும் பெரும்பாலும் நின்றுவிடும்; லண்டனில் பிற்பகல் நான்கு மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். வீட்டிற்குள் அடங்கிய அந்நீண்ட இரவில் தொலைக்காட்சி குடும்பத்தின் நடுவிடத்தைப் பற்றிக்கொண்டது. ஐந்தாம் சார்ச்சு மன்னர் 1932இல் வானொலியில் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் உரை, 1957இல் எலிசபெத் அரசியாரின் உரையாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. பிற்பகல் மூன்று மணி என்பது நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பொழுதாக நிலைபெற்றது. 1986ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று ஒளிபரப்பான ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரை, மறுஒளிபரப்பில் கண்டோரையும் சேர்த்து, 3 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. அது அந்நாட்டு மக்கள்தொகையில் பாதிக்கு மேலாகும்.

ரேடியோ டைம்ஸ் இதழின் வரலாறும் இதனையே காட்டும். பி.பி.சி. நிகழ்ச்சி நிரலைத் தாங்கி வந்த அவ்விதழ் 1969 முதல் கிறிஸ்துமசுக்கென இரு வாரங்களுக்கு ஒரே இதழாக வெளிவந்தது. 1988ஆம் ஆண்டு இதழ் 1 கோடியே 12 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. எந்நாளில் எதனைக் காண்பது என்று குடும்பத்தார் அவ்விதழில் வட்டமிட்டுக் குறித்துவைப்பதும் விழாவின் ஓர் அங்கமாயிற்று.

பூகோளம் சுழன்ற அறை

பி.பி.சி. முதல் அலைவரிசையின் சின்னம் சுழலும் பூகோளமாகும். 1969 நவம்பர் 15ஆம் நாள் அவ்வலைவரிசையில் முழுமையான வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, வளைந்த கண்ணாடி ஒன்றின் முன் பூகோளம் சுழலும் புதிய வடிவம் அறிமுகமாயிற்று. இதனை ஓவியம் என்றோ திரைப்படச் சுருள் என்றோ கருதுதல் பொருந்தாது. அது கையால் செய்து மோட்டாரால் சுழற்றப்பட்ட ஓர் உண்மைப் பொருள். லண்டன் தொலைக்காட்சி மையத்தில் நாடி என்று செல்லமாக வழங்கப்பட்ட ஓர் அமைப்பு இருந்தது. அதில் பூகோளமும் கடிகாரமும் அறிவிப்பு அட்டைகளும் வரிசையாக நிற்கும். ஒரு கறுப்பு வெள்ளைக் காமிரா வேண்டியதன் பக்கம் திரும்பிப் படம்பிடிக்கும். திரையில் மக்கள் கண்ட வண்ணம் மின்னணுவியல் முறையில் பின்னர் ஏற்றப்பட்டதே. கண்ட வண்ணம் பொருளில் இல்லை. பொருளின் அசைவு மட்டும் உண்மை.

கிறிஸ்துமஸ் காலத்தில் பூகோளம் விலகி நிற்க, அவ்விடத்தில் விழாவுக்குரிய சிறு மாதிரிகள் சுழன்றன. ஆண்டுக்கொரு முறை புதிதாகச் செய்யப்பட்டு, இரு வாரங்கள் சுழன்று, சனவரி பிறந்ததும் அகற்றப்பட்ட அம்மாதிரிகளைச் செய்தோரின் பெயர்களைப் பார்வையாளர் அறிந்ததில்லை. நிகழ்ச்சிகளின் இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடும்; சின்னத்துக்கு அத்தகைய பட்டியல் இல்லை.

ஐ.டி.வி.யின் நிலை வேறு. அது வட்டாரந்தோறும் தனித்தனி நிறுவனங்களால் நடத்தப்பட்டது. லண்டனில் வாரநாள்களில் தேம்ஸ், மான்செஸ்டரில் கிரானடா, நாரிச்சில் ஆங்கிலியா எனப் பல பெயர்கள் வழங்கின. தேம்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில் லண்டன் மாநகரின் கட்டடங்கள் ஆற்றுநீரில் நிழல் விழ எழுந்து நின்றன. ஆங்கிலியாவின் சின்னத்தில் குதிரைமேல் அமர்ந்த வெள்ளி வீரன் சுழன்றான். ஒருவர் எவ்வூரார் என்பதை அவர் நினைவில் நிற்கும் சின்னம் காட்டிவிடும்.

1985 பிப்ரவரியில் கையால் செய்த பூகோளத்தின் இடத்தைக் கணிப்பொறி வரைந்த பூகோளம் பெற்றது. 1991 பிப்ரவரியில் மார்ட்டின் லாம்பி-நாயர்ன் என்னும் வடிவமைப்பாளர் பி.பி.சி.யின் இரு அலைவரிசைகளுக்கும் புதிய சின்னங்களை ஆக்கினார். நான்காம் அலைவரிசையின் வண்ணக் கட்டைகளாலான 4 என்னும் எண்ணும் இவர் ஆக்கமே. பெயர் அறியப்படாத கைவினைஞரின் காலம் முடிந்து, பெயர்பெற்ற வடிவமைப்பாளரின் காலம் தொடங்கியதை இம்மாற்றம் உணர்த்தும். விழாக்காலத் திரைக்கு முகம் தந்த அலைவரிசைகளை உருவமைத்த லாம்பி-நாயர்ன் 2020ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்றே மறைந்தார்.

முதல், கரு, உரி

தொல்காப்பியம் தரும் அளவுகோல் இச்சின்னங்களை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். இவற்றின் முதற்பொருள் முன்பனிக்காலமும் மாலைப்பொழுதும், விளக்கேற்றிய வீடும் ஆகும். ராபின் பறவை, ஹாலி இலை, பனிமனிதன், கிறிஸ்துமஸ் புட்டிங் ஆகியன கருப்பொருள்கள். உரிப்பொருளோ இருத்தல். அடுத்த நிகழ்ச்சிக்காக, பரிசுக்காக, தொலைவிலிருந்து வரும் உறவினருக்காகக் காத்திருத்தலே அச்சின்னம் உணர்த்தும் ஒழுக்கம். சின்னம் திரையில் நிற்கும் சில நொடிகளில் எதுவும் நிகழ்வதில்லை. நிகழப்போகிறது என்னும் உறுதி மட்டும் தரப்படுகிறது.

கவிதையிற் போலவே இங்கும் கருப்பொருள் உலகியலை அப்படியே பெயர்த்தெழுதுவதில்லை. சின்னங்களில் ஆண்டுதோறும் பனி பெய்தது. ஆயின் பிரித்தானிய நிலத்தில் பரவலாகப் பனி படர்ந்து கிடந்த கிறிஸ்துமஸ் நாள்கள் 1960 முதல் 2020 வரை நான்கே: 1981, 1995, 2009, 2010. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடுங்குளிரான குளிர்காலங்களிடையே வளர்ந்த சார்லஸ் டிக்கென்ஸ் தம் கதைகளில் நிலைநாட்டிய பனி, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் திரையில் உருகாமல் நின்றது. நினைவேக்கம் கொள்வோர் தாம் பெரும்பாலும் தெருவில் கண்டிராத பனியைத் திரையிலிருந்து எடுத்துத் தம் இளமையின் மேல் தூவிக்கொள்கின்றனர்.

உறுதியற்ற உறுதி

நினைவேக்கம் அக்காலத்தை அமைதி நிறைந்ததாகக் காட்டும். வரலாறு அதற்கு உடன்படுவதில்லை. எரிபொருள் நெருக்கடியும் நிலக்கரித் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து வந்த 1973 டிசம்பரில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு இரவு பத்தரை மணிக்கு எல்லா அலைவரிசைகளும் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என அரசு ஆணையிட்டது. கிறிஸ்துமசுக்காக மட்டும் அத்தடை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. 1978 டிசம்பரில் ஊதியப் பூசல் காரணமாக நிகழ்ந்த வேலைநிறுத்தத்தால் பி.பி.சி.யின் இரு அலைவரிசைகளுமே விழாவுக்குச் சில நாள்கள் முன் இருண்டன. பேச்சுவார்த்தை விரைந்து முடிந்தமையால், அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று தி சவுண்ட் ஆஃப் மியூசிக் திரைப்படம் பிரித்தானியத் தொலைக்காட்சியில் முதன்முறையாகத் திரையேறியது. அது தொழிலாளர் கொந்தளிப்பால் பெயர்பெற்ற ஒரு குளிர்காலத்தின் தொடக்கம்.

அன்று சிறுவர் அறிந்தது சுழலும் சின்னத்தை மட்டுமே. அது தோன்றுமா என்னும் ஐயம் பெற்றோருக்கு இருந்தது. ஆகவே இன்று ஏங்கப்படும் உறுதி, உறுதியற்ற காலத்தில் பெரியோர் இளையோர்க்கு அளித்த உறுதி எனலாம். நாடெங்கும் ஒன்றாய்க் கண்ட அப்பொழுது எல்லார்க்கும் உரியதாகவும் இருந்ததில்லை. தனித்திருந்த முதியோர்க்கும், பிற சமயத்தார்க்கும், பணியிலிருந்த செவிலியர்க்கும் அச்சின்னம் உணர்த்திய பொருள் வேறாகவே இருந்திருக்கும்.

எஞ்சியவை

1990களுக்குப் பின் அப்பொழுது சிதறத் தொடங்கியது. செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகின. 2002 அக்டோபரில் இங்கிலாந்தின் வட்டார நிறுவனங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஐ.டி.வி. 1 என்னும் ஒரு பெயருள் மறைந்தன. 2012 அக்டோபரில் பழைய அலைமுறை ஒளிபரப்பு முற்றுப்பெற்றது. கிறிஸ்துமஸ் சின்னங்கள் மறையவில்லை. 2008இல் களிமண் பாத்திரங்களான வாலசும் குரோமிட்டும் பி.பி.சி. முதல் அலைவரிசையின் விழாச் சின்னங்களில் தோன்றினர். ஆயினும் வேண்டிய நேரத்தில் வேண்டியதைக் காணும் பழக்கம் பரவிய பின், காத்திருத்தல் என்னும் உரிப்பொருள் மெலிந்துவிட்டது.

பழைய சின்னங்கள் எவ்வாறு எஞ்சின என்பதே இவ்வரலாற்றின் இறுதிச் செய்தி. விலையுயர்ந்த நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திய பி.பி.சி., 1970களின் இறுதி வரை பல நிகழ்ச்சிகளையே இழந்தது. நேரடியாகச் சொல்லப்பட்ட அறிவிப்புகளையும் அவற்றின் பின் சுழன்ற சின்னங்களையும் முறையாகப் பாதுகாக்க எண்ணியோர் அரியர். வீடுகளுக்கு விடியோ பதிவுக்கருவி வந்தபின், திரைப்படத்தைத் தவறவிடாதிருக்கச் சிலர் சற்று முன்னதாகவே பதிவைத் தொடங்கினர். அந்த முன்னெச்சரிக்கையால் சின்னமும் அறிவிப்பாளர் குரலும் நாடாவில் ஏறின. ஆண்டுகள் பல கழித்து, மாடியறைப் பெட்டிகளிலிருந்து அந்நாடாக்களை எடுத்தோர் திரைப்படத்தை விடுத்து, அதற்கு முந்தைய சில நொடிகளைப் போற்றிக் காத்தனர். திரைப்படம் எங்கும் கிடைத்தது. அந்நொடிகள் வேறெங்கும் கிடைக்கவில்லை.