கிடாரைத் திறந்தால் தெரியும் பெயர்கள்

மின்கிடார்க்காரர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது: ‘பிரீ-சிபிஎஸ்’. 1965 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெண்டர் கிடார் நிறுவனத்தை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்த கிடார் பொன், பின்னால் செய்தது பித்தளை என்று பேச்சு. பழைய கிடாருக்கு உதிரி பாகம் தேடுகிறவர்கள் இன்றும் இந்தக் கோட்டை வைத்தே விலை பேசுகிறார்கள். முதலாளி மாறிய நாளில் போட்ட கோடு இது. வேலை செய்த கைகளைப் பார்த்துப் போட்டிருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

அந்தக் கைகளில் ஒரு ஜோடி அபிகெயில் இபாராவுடையது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் சேர்ந்தார். 2013இல் ஓய்வு பெற்றார். இடையில் நிறுவனம் சிபிஎஸ்ஸுக்குப் போனது. 1985இல் அங்கே வேலை பார்த்தவர்கள் சிலரும் முதலீட்டாளர்களும் சேர்ந்து அதை மீட்டார்கள். தொழிற்சாலை கொரோனா என்ற ஊருக்கு இடம் பெயர்ந்தது. இபாராவும் கூடவே போனார். அவருடைய வேலை பிக்கப் சுற்றுவது.

பிக்கப் என்றால் என்ன என்று எங்கள் வேப்பந்தட்டைப் பெண்களுக்கு விளக்குவது எளிது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் வைண்டிங் கடைக்குத் தூக்கிப் போகிறோம். கருகிய செம்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார்கள். பிக்கப்பும் அதே குலம்தான், உருவம் மட்டும் பொடிசு. ஆறு தந்திக்கு ஆறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று. கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது ஒரு தலைமுடி. உலோகத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது, அதை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது. மோட்டாரில் மின்சாரம் போய் அசைவு வருகிறது. இங்கே அசைவு போய் மின்சாரம் வருகிறது.

அன்றைய முறையில் எந்திரம் சுருளை மட்டும் சுழற்றும். கம்பியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, இடமும் வலமுமாக ஓட்டுவது அந்தப் பெண்ணின் வேலை. இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். அதுவரை சுற்றியது அத்தனையும் குப்பை. தளர்த்திப் பிடித்தால் சுருள் உப்பும், சத்தம் கூட்டினால் வீறிடும். கையால் ஓட்டுவதால் அடுக்குகள் ஒரே சீராக விழாது, கொஞ்சம் சிதறும். இந்தச் சிதறலால்தான் மேல் ஸ்தாயி தெளிவாகக் கேட்கிறது என்று இன்று கிடார்க்காரர்கள் சிலாகிக்கிறார்கள். பிற்பாடு பிக்கப் செய்ய வந்தவர்கள் இதை எந்திரத்தில் பார்த்துச் செய்ய எத்தனையோ பாடுபட்டிருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அறுபதுகளின் நடுவிலிருந்து கம்பியின் பூச்சு மாறியது, எந்திரமும் மாறியது. ‘பிரீ-சிபிஎஸ்’ என்று சொல்பவர்கள் வெறும் கற்பனையில் பேசவில்லை. ஆனால் கெட்டது என்றால் சிபிஎஸ், நல்லது என்றால் லியோ ஃபெண்டர் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். இரண்டு காலத்திலும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர். 1938இல் கடை போட்டவர். 1954இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் ரேடியோக்காரரின் புத்தியில் பிறந்த கிடார். கழுத்தைப் பசை வைத்து ஒட்டாமல் நான்கு திருகுகளால் உடலோடு முடுக்கினார். மூன்று பிக்கப், சுவிட்ச், கண்ட்ரோல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில். தகட்டின் திருகுகளைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். மெல்லிசை, ஜாஸ், ராக் என்று எதற்கும் ஈடுகொடுக்கும் கிடார் என்று அதற்குப் பெயர் வந்ததில் இந்த அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பிடிக்காததைக் கழற்றிப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாமே! சுவிட்சுக்கு முதலில் மூன்று நிலைகள்தான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே மாட்டி நிறுத்தி, பட்டியலில் இல்லாத ஒலிகளை எடுத்தார்கள். நிறுவனம் ஐந்து நிலை சுவிட்ச் பொருத்த 1977 ஆனது.

இதே அமைப்புதான் பெண்களை அந்தத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தது என்பது என் எண்ணம். பரம்பரைத் தச்சர் தலைமுதல் கால்வரை ஒரு வாத்தியத்தைச் செய்யும் வேலை இல்லை இது. துண்டு துண்டான வேலை: ஒருவர் சுற்ற, ஒருவர் பற்றவைக்க, ஒருவர் பொருத்த. சுற்றவும் பற்றவைக்கவும் பெண்களை வைத்தார்கள், பலர் மெக்சிக வம்சாவளியினர். ஐம்பதுகளின் கிடார்களைப் பிரித்தவர்கள் உட்குழிவில் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பில் தேதியும் பெயரும் பார்த்திருக்கிறார்கள்: மேரி, குளோரியா. அறுபதுகளின் பிக்கப் அடியில் தேதியோடு இபாராவின் முன்னெழுத்துகள் இருக்கும். வாசிக்கத் தெரியாத முதலாளியின் பெயர் கிடாரின் தலையில், ஊரறிய. சுற்றியவர் பெயர் தகட்டுக்கு அடியில். பாகம் மாற்றத் திறக்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் அது படும்.

ஏன் பெண்கள்? கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: பெண்களுக்கு விரல் நளினம் உண்டு. 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இருவர் ஏற்றுமதித் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தப் பதிலைத்தான் பிரித்துப் போட்டது. அந்த நளினம் பிறவியில் வருவதில்லை. தாயிடமும் வீட்டு வேலையிலும் தையலிலும் வருடக்கணக்காகப் பழகி வருவது. பயிற்சி வீட்டுக்குள் நடப்பதால் அது பயிற்சியாகத் தெரிவதில்லை. பயிற்சியாகத் தெரியாததால் கூலியிலும் சேர்வதில்லை. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் ஓடிய நோக்கியா ஆலையிலும் பெரும்பான்மை இளம்பெண்கள்தான். எங்கள் பக்கமோ பருத்திச் சீமை. பருத்தி ஆராய்ச்சி நிலையமே வேப்பந்தட்டையில் இருக்கிறது. பஞ்சு எடுக்கப் பெண்ணைக் கூப்பிடும்போதும் விரலைத்தான் புகழ்வார்கள். புகழ்ச்சிக்குச் செலவில்லை.

கிடார் வரலாற்றில் இப்படி மறைந்தது ஃபெண்டரில் மட்டும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, கலமசூ நகரின் கிப்சன் தொழிற்சாலையில் கிடார் வேலை அநேகமாக நின்றுபோனது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆண்கள் போருக்குப் போக, பெண்கள் கிடார் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆலையின் முன் நிற்கும் பெண்களின் ஒரு பழைய புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு ஜான் தாமஸ் என்பவர் அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்தார். அவருடைய ‘கலமசூ கேர்ள்ஸ்’... இல்லை, ‘கேல்ஸ்’ என்றே தலைப்பு. ‘பொண்ணுங்க’ என்பது போன்ற சொல். 2012இல் வந்தது.

எழுபதுகளில் உதிரி பாகமே தனித் தொழிலானது. 1976இல் சேமூர் டங்கனும் கேத்தி கார்ட்டர் டங்கனும் சாண்டா பார்பராவில் தொடங்கிய நிறுவனம் மாற்று பிக்கப்புகளுக்கு உலகப் பெயர் பெற்றது. பெயர்ப் பலகையில் சேமூர் மட்டும் இருக்கிறார். அங்கே 1983 முதல் வேலை பார்த்து, தனி ஆர்டர் பிக்கப்புகளால் பெயர் பெற்றவர் மரிசெலா உவாரெஸ் என்ற பெண். ஃபெண்டரோ 1987இல் மெக்சிகோவின் என்செனாடாவில் தொழிற்சாலை திறந்தது. அங்கிருந்து வரும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் விலை குறைவு. அதை வாங்கி, மெக்சிகோ பிக்கப்பைக் கழற்றிவிட்டு ‘அசல் அமெரிக்க’ பிக்கப் போடுவது வழக்கமான மாற்றம். அந்த அசல், இபாரா சுற்றியதாகவும் இருக்கலாம். எல்லைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து சுற்றினார் என்பதில் இருக்கிறது விலை.

நம்மிடையே கிடாரின் உடலையே மாற்றிய பெண் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் பிறந்து காசியில் வளர்ந்த கமலா சங்கர், ஹவாயன் கிடாரை இந்துஸ்தானி இசைக்கு ஏற்றபடி திருத்தி, ‘சங்கர் கிடார்’ என்ற வடிவத்தை உண்டாக்கினார். அவருடையது மின்கிடார் அல்ல. ஆனால் வாத்தியத்தைத் திறந்து மாற்றும் துணிச்சல் ஆணுக்கு உரியது என்று நினைப்பவர்கள் அதையும் கேட்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் இபாராவின் நிலை மாறியது. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப், அவர் கையால் சுற்றியது என்று பெயர் போட்டே பிக்கப்புகளை விற்றது. பெயருக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். அவரிடம் பழகிய ஹோசஃபினா காம்போஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

வேப்பந்தட்டையில் கிடாருக்குப் பாகம் கிடைக்காது. கண்ட்ரோலும் சுவிட்சும் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். ஓம் அளவு சரியாக இருந்தாலும் தண்டு குமிழுக்குள் நுழையாமல் போகும், குமிழைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பிக்கப் ஊமையாகிவிட்டால் உடனே தூக்கிப் போட வேண்டாம். மல்டிமீட்டரில் ஆறு கிலோ ஓம் அளவுக்குக் காட்டினால் சுருள் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு பற்றவைத்த இடத்திலோ சுவிட்சிலோ இருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கும். அப்போதும் மறுபடி சுற்றலாம். சுற்றும் முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மங்கிய எழுத்து ஏதும் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.