கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், 2002

தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டமாகப் பிறப்பித்து, அதே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது இச்சட்டம். வற்புறுத்தியோ, ஆசை காட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராயின் தண்டனை 4 ஆண்டு, 1 லட்சம் ரூபாய் என உயர்ந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில், வயது வந்த தலித் மக்களையும் சிறாரோடு ஒரே வரிசையில் நிறுத்தி, தாமாக முடிவெடுக்க இயலாதவர்களாகக் கருதியதே இதன் அடிப்படைப் பிழை. 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாம் தழுவியதன் பின்னணியில் சாதி இழிவு இருந்தது. அதைச் சட்டம் தொடவில்லை.

2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின், மே மாதம் இச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால், இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறக்க அரசமைப்பின் 25ஆம் பிரிவு அளித்த அதிகாரம் இன்றும் உள்ளது. மதச் சுதந்திரம் காக்க விரும்பும் அரசு முதலில் பயன்படுத்த வேண்டியது அதையே.