மார்பக மீளமைப்பு: சத்திரசிகிச்சைக்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி

இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் கண்டறியப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் அதற்கான சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மார்பகம் அகற்றப்பட்ட பின் ஒரு பெண் தன் உடலோடு எப்படி வாழப்போகிறாள் என்பது பற்றி எங்கள் வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை.

என் சின்னம்மா சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு வருடங்களாக, உள்ளாடைக்குள் பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போய்வந்தார். மார்பகத்தை மீளமைக்க வழி இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதைப் பற்றி விசாரித்தபோது, "உயிர் தப்பினது காணாதோ?" என்றுதான் உறவினர்கள் கேட்டார்கள். உயிர் தப்பிய பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிக் கேட்க உரிமை இல்லையா என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில், மார்பகம் முழுவதையும் அகற்றத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். ஆரம்பக் கட்டத்தில் கண்டறியப்பட்ட பலருக்கு, கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கச் சிகிச்சை அளித்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை. 2002இல் வெளியான இரண்டு 20 வருடத் தொடர் ஆய்வுகள் இதை உறுதிசெய்தன.

முழுவதையும் அகற்றவேண்டி வந்தால், மீளமைப்பை அதே சத்திரசிகிச்சையிலேயே செய்யலாம். சிகிச்சைகள் முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்தும் செய்யலாம். உடனே செய்தால் மார்பகத்தின் தோலைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் இந்தப் பேச்சு முதல் சத்திரசிகிச்சைக்கு முன்பே நடக்கவேண்டும். ஆனால் பிந்திவிட்டவர்களுக்கும் கதவு மூடப்படுவதில்லை.

பிரதான வழிகள் இரண்டு.

ஒன்று, சிலிக்கன் அல்லது உப்புநீர் நிரப்பிய செயற்கைப் பை. பலருக்கு முதலில் ஒரு விரிப்பான் பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நீரேற்றித் தோலை விரித்த பின்னரே நிரந்தரப் பையை வைப்பார்கள். சத்திரசிகிச்சை ஒப்பீட்டளவில் சிறியது. உடலின் வேறு பகுதியில் தழும்பு வராது. ஆனால் இந்தப் பை ஆயுள் முழுவதற்குமானதல்ல. பின்னாளில் மாற்றவேண்டி வரலாம். கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பையைச் சுற்றியுள்ள திசு இறுகி, வலியும் வடிவ மாற்றமும் ஏற்படும் வாய்ப்பு அதிகம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில பைகள், அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்புபட்டதால் 2019இல் உலகச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டன. ஆகவே எந்த வகைப் பை என்று கேட்டு, அதன் விபர அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

மற்றது, உங்கள் உடலின் திசுவையே பயன்படுத்துவது. முதுகுத் தசையைத் தோலோடு முன்னால் திருப்பி வைப்பது ஒரு முறை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, நுண்ணோக்கியின் உதவியோடு இரத்தக் குழாய்களை நெஞ்சில் இணைப்பது இன்னொன்று. இப்படி அமையும் மார்பகம் மென்மையாக இருக்கும். உடல் எடையோடு தானும் கூடிக் குறையும். ஆனால் சத்திரசிகிச்சை பல மணிநேரம் எடுக்கும். தழும்பு இரண்டு இடங்களில் வரும். இணைத்த குழாயில் இரத்தம் உறைந்தால் திசு இறந்துபோகும் ஆபத்தும் உண்டு. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

முலைக்காம்பைப் பின்னர் சிறு சத்திரசிகிச்சை மூலமோ பச்சை குத்தியோ அமைக்கலாம். எந்த வழியிலும் பழைய தொடுவுணர்வு முழுமையாகத் திரும்புவதில்லை. இதை முன்கூட்டியே அறிந்திருப்பது ஏமாற்றத்தைக் குறைக்கும்.

மீளமைத்தால் புற்றுநோய் திரும்பிவிடும் என்ற பயம் எம்மிடையே பரவலாக உண்டு. மீளமைப்பு அந்த ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

எதுவும் செய்யாமல் தட்டையான நெஞ்சோடு வாழ்வதும் முழுமையான ஒரு தெரிவுதான். உள்ளாடைக்குள் அணியும் சிலிக்கன் மார்பகம் பாரத்தைச் சமப்படுத்தி, தோள், முதுகு வலியைக் குறைக்க உதவும். தெரிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்கவேண்டும். கணவருடையதாகவோ மாமியாருடையதாகவோ அல்ல.

கிளினிக்கில் சனக்கூட்டம் அதிகம், வைத்தியரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: எனக்குக் கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படுமா? உடனடி மீளமைப்பு எனக்குப் பொருந்துமா? எந்த முறை, ஏன்? இங்கே செய்வார்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? பையின் செலவு யாருடையது? பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மறப்பதை அவர் கேட்பார்.