மெமரி பெரிதானால் வேகமும் பெரிதா? மயிலாப்பூர் டிடிபி கடை முதல் ரிச்சி தெரு வரை ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

கல்லூரி திறக்கும் சமயத்தில் எனக்கு வரும் போன்களில் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "எந்த குரூப் எடுக்கலாம் சார்?" என்பார்கள். இப்போது, "பொண்ணு அனிமேஷன் படிக்கிறா, 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வேணுமாம். இது கேம் ஆடத்தானே சார்?" என்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள். ஒரு வரியில் பதில் சொன்னால் ஒருவருக்குத்தான் உதவும். வரலாறாகச் சொன்னால் அவரவர் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு உவமை. கிராபிக்ஸ் கார்டின் மெமரி என்பது கரும்பலகையின் அகலம். அந்தக் கார்டின் சிப், எழுதும் கை. பலகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மெதுவாக எழுதும் கை மெதுவாகத்தான் எழுதும். ஆனால் கணக்கு நீளமாக இருந்து பலகை சிறியதாக இருந்தால், எவ்வளவு வேகமான கையாலும் முடிக்க முடியாது. இனி வரும் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடந்த இழுபறிதான்.

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த சிஜிஏ கலர் கார்டில் மெமரி 16 கேபி. ஏன் அந்த அளவு? திரையில் 320 குறுக்கே, 200 நெடுக்கே, மொத்தம் 64,000 புள்ளிகள். நான்கு நிறத்தில் ஒன்றைக் குறிக்கப் புள்ளிக்கு 2 பிட் வேண்டும். ஆக 1,28,000 பிட். எட்டால் வகுத்தால் 16,000 பைட். பலகையும் கணக்கும் அச்சாகப் பொருந்தின.

1987இல் விஜிஏ வந்தது, 256 கேபி. அதில் 640க்கு 480 திரையில் 16 நிறங்கள்தான் காட்ட முடிந்தது. 256 நிறம் வேண்டுமென்றால் 3,07,200 பைட் தேவை. பலகையில் இருந்ததோ 2,62,144. இடம் போதவில்லை, அவ்வளவுதான். சிப் மெதுவானது என்பதற்காக யாரும் அங்கே நிற்கவில்லை. பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மெமரி என்றால் என்னவென்று இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி நம்மூர். தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி.நகர், ராயப்பேட்டைப் பக்கம் டிடிபி கடைகள் பெருகியது நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கடை விளம்பரம் எல்லாம் பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் என்று திரைக்கு மாறின. அதே காலத்தில் உலகத்தையே கட்டிப்போட்ட விளையாட்டு 'டூம்'. 1993இல் வந்தது. அது ஓடியது 320க்கு 200 திரையில், 256 நிறத்தில். ஒரு படத்துக்கு வெறும் 64,000 பைட். பத்திரிகை வடிவமைப்பவரின் கதை வேறு. அவருக்கு 1024க்கு 768 திரை, புள்ளிக்கு 24 பிட் முழு நிறம். பெருக்கிப் பாருங்கள்: 23,59,296 பைட், அதாவது இரண்டேகால் எம்பி. ஆக, விளையாடும் பையனுக்கு 1 எம்பி கார்டு தாராளம்; குங்கும நிறம் சரியாகத் தெரிய வேண்டிய டிசைனருக்கு 4 எம்பி கார்டு. அதிக மெமரியை முதலில் தேடிப்போனவர்கள் வேலை பார்த்தவர்கள்தான்.

கோடம்பாக்கத்திலோ இந்தப் பசி இன்னும் பெரிது. 'காதலன்' (1994) படத்தில் தலையும் கையும் மறைந்து உடைகள் மட்டும் ஆடுமே, அதைப் பார்த்து வகுப்பே பேசிக்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்கும், பிறகு 'இந்தியன்', 'ஜீன்ஸ்' படங்களுக்கும் சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருது எஸ்.டி. வெங்கிக்குக் கிடைத்தது. ஃபிலிமை 2கே அளவில் ஸ்கேன் செய்தால் 2048க்கு 1556 புள்ளிகள். வழக்கமான முறையில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 12 எம்பி. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஏறக்குறைய 300 எம்பி. வீட்டுக் கணினியில் 4 எம்பி, 8 எம்பி நினைவகம் இருந்த காலம் அது!

2000இல் நம் சென்னையின் பென்டாஃபோர் நிறுவனம் (பிறகு பென்டாமீடியா) 'சிந்துபாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்' என்ற முழுநீள அனிமேஷன் படத்தை உருவாக்கியது. முழுக்க மோஷன் கேப்சர் முறையில் எடுத்த முதல் முழுநீள கணினி அனிமேஷன் படம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இறுதிப் படத்தைத் தீட்டியது, அதாவது ரெண்டர் செய்தது, கணினியின் பிராசசர். தேவைப்பட்ட மெமரியும் மதர்போர்டில் செருகும் ரேம்தான். கிராபிக்ஸ் கார்டின் வேலை, கலைஞர் உருவத்தைத் திருப்பிப் பார்க்கும்போது திரையில் காட்டுவது மட்டுமே.

இதற்கிடையில் விளையாட்டுகள் வளர்ந்தன. 1996இல் வந்த வூடூ கார்டில் 4 எம்பி. அதில் 2 எம்பி திரைக்கு, 2 எம்பி சுவர், தரை, துணி போன்றவற்றின் மேற்பூச்சுப் படங்களுக்கு. 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 கார்டு 32 எம்பியோடு வந்தது. அதே சிப்பை வைத்தே குவாட்ரோ என்ற தொழில்முறைக் கார்டையும் விற்றார்கள். கேட், அனிமேஷன் மென்பொருள்களோடு ஒத்துப்போகும்படி சோதித்த டிரைவரும் உத்தரவாதமும்தான் அதன் கூடுதல் விலைக்குப் பெரிய காரணம். 'கேம் கார்டு', 'டிசைன் கார்டு' என்று இரு சாதி பிறந்த கதை இது. பிறப்பில் இரண்டும் ஒரே வயிறு.

உண்மையான திருப்பம் 2007இல். கூடா என்ற வழியை என்விடியா திறந்துவிட்டது. கார்டின் சிப் எந்தக் கணக்கையும் போடலாம் என்று ஆயிற்று. 2011இல் இலவச மென்பொருளான பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டரர் வந்தது. பிராசசர் வெகுநேரம் எடுத்துக்கொண்ட படத்தைக் கார்டு மிக வேகமாகத் தீட்டியது. ஆனால் ஒரு நிபந்தனை: காட்சி முழுவதும், மரம், கட்டடம், துணி, அத்தனை மேற்பூச்சும், கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை நின்றுபோகும், அல்லது ஊர்ந்துபோகும். அன்றுதான் கார்டின் மெமரி டிசைனருக்குச் சோறு போடும் விஷயமாயிற்று.

இதை விளக்க 2021இன் ஒரு வேடிக்கை போதும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி. அதற்குச் சில மாதம் முன்பு வந்த விலை கூடிய 3060 டிஐ கார்டில் 8 ஜிபி. டிஐயில் 4,864 கோர்கள், மற்றதில் 3,584. விளையாட்டில் டிஐதான் முந்தும். ஆனால் 10 ஜிபி பிடிக்கும் ஒரு கட்டட மாதிரியைத் தீட்டச் சொன்னால் மெதுவான 3060 முடித்துக் கொடுக்கும், வேகமான டிஐ திணறும். அகலமும் வேகமும் வேறுவேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2023இல் 4060 டிஐ கார்டை 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் விற்றார்கள். சிப் ஒன்றே, விலை வித்தியாசம் 100 டாலர். பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் ஒரே வேகம். அதற்காக விளையாட்டுக்கு மெமரி வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் 16 ஜிபி இருப்பதால், அதற்காக எழுதிய விளையாட்டுகள் கணினிக்கு வரும்போது உயர்ந்த தரத்தில் 8 ஜிபியைத் தாண்டுகின்றன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2023இல் கணினிக்கு வந்தபோது பலரும் இதைப் பார்த்தார்கள். இடம் நிறைந்தால் கார்டு கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்கும். கார்டுக்குள் விநாடிக்கு 288 ஜிபி ஓடும் சரக்கு, வெளியே வந்தால் சுமார் 16 ஜிபி வேகத்தில் ஓடும். காலி மவுண்ட் ரோட்டிலிருந்து தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தது போல. படம் விக்கி விக்கி நகரும்.

ஆக என் முடிவு இது. விளையாட்டுக்கு, மெமரி 'போதுமான' அளவு இருந்தால் சரி. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தைச் சிப்பின் வேகத்துக்குக் கொடுங்கள். முப்பரிமாண ரெண்டருக்கு, முதலில் மெமரி, பிறகு வேகம்.

ஆனால் 'டிசைன்' என்பது ஒரே தொழில் இல்லை. போட்டோஷாப்பில் பத்திரிகை அடிப்பவருக்கும், ஆட்டோகேடில் இருபரிமாண வரைபடம் போடுபவருக்கும் பெரிய கார்டு வீண். அவர்கள் ரேமும் நல்ல மானிட்டரும் வாங்கட்டும். அடையாறில் வீட்டு உள்ளலங்காரம் தீட்டிக் காட்டும் பெண்ணுக்கும், 4கே வீடியோவுக்கு நிறம் திருத்தும் பையனுக்கும், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவருக்கும் 12 அல்லது 16 ஜிபி பிழைப்புக்கான கருவி. தையல்காரருக்குத் தையல் மிஷின் எப்படியோ அப்படி.

பெற்றோர்களே, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "கேம் ஆடத்தானே" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிடாதீர்கள். ஸ்டுடியோ வேலைக்கு மனு போடும் பிள்ளையிடம் முதலில் கேட்பது அதுவரை செய்த வேலையைத்தான். அந்த வேலையைச் செய்துபார்க்க வீட்டில் கருவி இல்லாமல் பின்தங்குவது கொடுமை. அதேபோல, நகையை அடகு வைத்து 24 ஜிபி கார்டு வாங்கி, அதில் 4 ஜிபிகூட நிறையாமல் கிடப்பதும் கொடுமை.

பிள்ளைகளே, ரிச்சி தெருவுக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கல்லூரி லேபிலோ நண்பர் கணினியிலோ உங்கள் மிகப் பெரிய பிராஜெக்டைத் திறந்து, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். கார்டின் மெமரி எத்தனை ஜிபி நிறைகிறது என்று தெரியும். அந்த எண்ணோடு பாதியைக் கூட்டி வாங்குங்கள். அந்தத் திரையை அப்பா அம்மாவுக்கும் காட்டுங்கள். வாக்குவாதம் பாதி குறையும். பழைய கார்டு வாங்கினால் ஜாக்கிரதை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டபின், ராப்பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. கடைக்காரர் முன்னால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஸ்டுடியோக்களிலும் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களிலும் இருக்கும் என் பழைய மாணவர்கள், உங்கள் அன்றாட வேலைக்கு எத்தனை ஜிபி பிடிக்கிறது என்று கீழே எழுதுங்கள். என் உவமையைவிட உங்கள் எண்தான் அடுத்து வரும் பிள்ளைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்